எடுக்கலாமா, கேட்க வேண்டுமா?

இரவல் வாங்குவதற்கு நம் குடும்பங்களில் ஒரு தர்மம் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால், திருப்பிக் கொடுக்கும்போது கோபுரமாய்க் குவித்துக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தை இரவல் வாங்கினால் வெறும் பாத்திரமாய்த் திருப்பக் கூடாது. உள்ளே ஏதாவது ஒரு பட்சணம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பாட்டிமார் இதையெல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வாரப் பத்திரிகையை இரவல் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை! எழுத்து, படம், பாட்டு என்று வந்துவிட்டால் நம் நியாய புத்தி எப்போதும் கொஞ்சம் தளர்ந்துதான் போகிறது.

முன்பெல்லாம் அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. ஒரு பத்திரிகை பத்து வீடு சுற்றினாலும் அது ஒரே பிரதிதான். இன்றைக்கு அப்படியா? கைப்பேசியை விரலால் தொட்டால் ஒரு பிரதி இருநூறு பிரதியாகிவிடுகிறது. அந்த இருநூறு பேரும் ஆளுக்கு இருநூறு பேருக்கு அனுப்பினால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

உங்களுடைய ஒரு நாளையே எடுத்துக்கொள்ளுவோம். காலையில் எழுந்ததும் யாரோ போட்ட கோலத்தின் படத்தைச் சிநேகிதிக்கு அனுப்புகிறீர்கள். பத்து மணிக்கு ஒரு சமையல் குறிப்பை அப்படியே பிரதி எடுத்து மாதர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். மாலையில் பேத்தி சினிமாப் பாட்டுக்கு ஆடியதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறீர்கள். இரவு, யாரோ அனுப்பி வைத்த முழு நாவலையும் படுக்கையிலிருந்தபடியே படித்து முடிக்கிறீர்கள்.

இந்த நாலு காரியங்களில் எது சரி, எது தப்பு? "இண்டர்நெட்டில் கிடப்பது எல்லாருக்கும் பொது" என்கிறார் ஒருவர். "எதைத் தொட்டாலும் ஜெயில்தான்" என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். இரண்டு பேச்சுமே தப்பு. சட்டம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது அப்படியொன்றும் புரியாத சமாசாரமும் அல்ல.

எது சொந்தம், எது பொது?

நூலை எழுதியவருக்கே அதன் உரிமை என்று முதன்முதலில் ஒப்புக்கொண்ட சட்டம் 1710-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆன் ராணியின் காலத்தில் பிறந்தது. புதிய நூலுக்கு 14 வருஷ உரிமை. அதற்குள் ஆசிரியர் காலமாகாமல் இருந்தால் இன்னும் 14 வருஷம். நம் நாட்டில் இன்று நடப்பிலிருப்பது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரி 21-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. காலத்துக்கேற்பப் பல முறை திருத்தி, 2012-ல் பெரிய திருத்தம் ஒன்றும் செய்தார்கள்.

கதை, கட்டுரை, கவிதை, சித்திரம், புகைப்படம் ஆகியவற்றுக்கு, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்கு மேல் 60 வருஷமும் உரிமை நீடிக்கும். சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியானதிலிருந்து 60 வருஷம். ஒரு காலத்தில் 50 வருஷம்தான் இருந்தது. 1941-ல் காலமான ரவீந்திரநாத் தாகூரின் நூல்களுக்கு 1991 முடிவில் உரிமை தீரப் போகிறது என்ற நிலை வந்தபோது அதை 60 ஆக நீட்டினார்கள்.

இந்த உரிமையைப் பெற எங்கும் மனுப் போட வேண்டியதில்லை. எழுதி முடித்த அந்த க்ஷணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்து கொள்ளலாம். பின்னால் வழக்கு என்று வந்தால் அது நல்ல சாட்சி. ஆனால் பதிவு செய்யாததால் உரிமை இல்லாமல் போய்விடாது. ஆகவே, "அந்தப் படத்தில் உரிமைக் குறி ஒன்றும் இல்லையே, அதனால் எடுத்தேன்" என்ற சமாதானம் செல்லாது.

ஆனால் எதற்கு உரிமை? இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கருத்துக்கு உரிமை கிடையாது. அந்தக் கருத்தை ஒருவர் வெளியிட்ட விதத்துக்குத்தான் உரிமை.

வத்தக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் எத்தனை, புளி எவ்வளவு, எதை முதலில் வறுப்பது என்ற அளவும் முறையும் யாருடைய ஆஸ்தியும் அல்ல. அதே குழம்பைப் பற்றி ஒரு சகோதரி தம் மாமியார் வீட்டுக் கதையையும் சேர்த்து ரஸமாக இரண்டு பக்கம் எழுதியிருந்தால், அந்த வாக்கியங்கள் அவருடையவை. கூடவே வைத்த புகைப்படமும் அதை எடுத்தவருடையது. குழம்பை நீங்களும் செய்யலாம். செய்த விதத்தை உங்கள் வார்த்தையில் எழுதலாம். உங்கள் குழம்பையே படம் பிடித்துப் போடலாம். அவர் எழுத்தையும் படத்தையும் அப்படியே அள்ளிக்கொண்டு வருவதுதான் கூடாது. கோலமும் அப்படியே. தலைமுறை தலைமுறையாய் வரும் புள்ளிக் கோலம் எல்லாருக்கும் பொது. ஒருவர் தாமே புதிதாய்க் கற்பனை செய்து வரைந்த சித்திரக் கோலம் அவருடையது.

இதைப் பற்றி நம் சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்திருக்கிறது. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, மதராஸிக் குடும்பம் ஒன்று, நடுவில் ஒரு காதல். பிறகு 1956-ல் கிஷோர் குமாரும் நம் வைஜயந்திமாலாவும் நடித்த 'நியூ டில்லி' என்ற படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண்! தம் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். மாகாண பேதம் என்ற கருவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒருவர் மனத்தில் 'இது அதன் நகல்' என்ற எண்ணம் சந்தேகமின்றி எழுந்தால்தான் குற்றம். இங்கே அப்படி இல்லை என்று தீர்ப்பாயிற்று.

கலியாண போட்டோ விஷயத்திலும் ஒரு ரகசியம் இருக்கிறது. பணம் கொடுத்து, உங்கள் ஏற்பாட்டில், புகைப்படக்காரர் எடுத்த படத்துக்கு முதல் சொந்தக்காரர் நீங்கள்தான். சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வார்த்தையும் அதிலேயே இருக்கிறது. முன்பணம் கொடுக்கும்போது கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் வீட்டு மணப்பெண்ணின் படம் நாளைக்கு ஒரு விளம்பரத்தில் வருமா வராதா என்பது அதில் இருக்கிறது.

ஒரு கவியின் ஆஸ்தி

பதிப்புரிமை என்பது பணக்காரக் கம்பெனிகளின் தந்திரம் என்று நினைப்பவர்கள் செல்லம்மாள் பாரதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். மனைவிக்கும் இரு பெண்களுக்கும் அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி அவருடைய எழுத்து ஒன்றே. அப்போதிருந்த 1914-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதற்கு இன்னும் 50 வருஷ உரிமை இருந்தது. அதாவது 1971 வரை! செல்லம்மாள் தம் கணவரின் நூல்களைத் தாமே வெளியிடப் பாடுபட்டார். காலப்போக்கில் நூல்களின் உரிமை பாரதியாரின் தம்பி விசுவநாதனிடம் போய்ச் சேர்ந்தது. பாட்டுக்களை இசைத்தட்டில் பதியும் உரிமை மட்டும் தனியே பிரிந்து, வியாபாரிகள் கைமாறி, கடைசியில் படமுதலாளி ஏ. வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்தது. 1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாட்டுக்கள் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தன.

மறு வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது ஆட்சேபம் கிளம்பியது. நாடே பாடும் பாட்டு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாமா என்று எழுத்தாளர்களும் ரஸிகர்களும் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்ப செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் பெறாமலே கொடுத்தார். கவியின் குடும்பத்துக்கு சர்க்கார் பணம் அளித்தது. பிறகு, 1950-களின் நடுவில், பாரதி நூல்களை யாரும் அச்சிடலாம் என்று மக்களுக்கே விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. எழுதியவரும் அவர் குடும்பமும் எழுத்தால் பிழைக்க வேண்டும் என்பது ஒன்று. நல்ல பாட்டு பூட்டிக் கிடக்கக் கூடாது, ஜனங்கள் வாயில் புழங்க வேண்டும் என்பது மற்றொன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் இந்த இரண்டுக்கும் இடையே தராசு பிடிக்கிற காரியம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பாட்டு பொது, தட்டு தனி

"சரி, பாரதி பாட்டு பொது. அப்படியானால் யூடியூபில் இருக்கும் எந்தப் பாரதி பாட்டையும் எடுத்து என் வீடியோவில் போடலாமே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு பாட்டில் மூன்று பேருடைய உரிமை அடுக்கடுக்காய் இருக்கிறது. சாகித்யம் ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையது. தியாகராஜ சுவாமிகள் 1847-லேயே சித்தியடைந்தார். அவருடைய கீர்த்தனையை நீங்கள் பாடிப் பதிவு செய்து உலகத்துக்கே கொடுக்கலாம். ஆனால் போன வருஷம் ஒரு வித்துவான் அதே கீர்த்தனையைப் பாடி ஒரு கம்பெனி வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவு பொதுச் சொத்து அல்ல. சுருக்கமாய்ச் சொன்னால், நீங்களே பாடினால் தகராறு இல்லை!

நாவலிலும் இப்படி அடுக்கு உண்டு. கல்கி 1954-ல் காலமானார். 1990-களின் இறுதியில் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 'பொன்னியின் செல்வன்' வாசகத்தை யாரும் அச்சிடலாம், இண்டர்நெட்டில் ஏற்றலாம். ஆனால் அது முதலில் தொடராய் வந்தபோது வந்தியத்தேவனையும் நந்தினியையும் நம் கண் முன்னே நிறுத்திய மணியத்தின் சித்திரங்கள் கல்கியின் எழுத்து அல்லவே! எழுத்து நாட்டுடைமை ஆனதால் சித்திரமும் கூடவே வந்துவிடாது. அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

பொதுச் சொத்துக்கு வேலி போட்டவர்களும் உண்டு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது பாடுகிறோமே, அந்த இங்கிலீஷ் பாட்டின் மெட்டு 1893-ல் அமெரிக்காவில் அச்சானது. குழந்தைப் பள்ளி ஆசிரியையான பாட்டி ஹில், அவருடைய சகோதரி மில்ட்ரெட் ஹில் இருவரும் வகுப்பறைக்காக உண்டாக்கிய காலை வணக்கப் பாட்டு அது. பின்னால் ஒரு பெரிய இசைக் கம்பெனி, பிறந்தநாள் வார்த்தைகள் தன்னுடையவை என்று சொல்லி, சினிமாவில் பாடினாலும் கட்டணம் வாங்கி வந்தது. 2015-ல் ஒரு நீதிபதி அந்த உரிமை செல்லாது என்றார். மறு வருஷம் கம்பெனி 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஆகவே ஒருவர் 'என்னுடையது' என்று அதட்டினால் உடனே நடுங்கிவிடவும் வேண்டியதில்லை.

சட்டமே திறந்து வைத்த வாசல்கள்

உரிமை இருக்கும் நூலையும் கேட்காமலே பயன்படுத்தச் சில இடங்களில் சட்டம் அனுமதி தருகிறது. நியாயமான உபயோகம் என்று இதற்குப் பெயர். நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இந்த வாசல்களை வரிசையாய் அடுக்கி வைத்திருக்கிறது. குடும்பத்துக்கு வேண்டியவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, சொந்த உபயோகம். பிடித்த தொடர்கதையை வாராவாரம் கத்தரித்து, பைண்டு செய்து பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களுடையது. அதில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் படிப்பதற்காக, ஆராய்ச்சிக்காக, ஒரு பகுதியைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஊர் முழுவதற்கும் விநியோகித்தால் அது சொந்த உபயோகம் ஆகாது.

இரண்டாவது, விமரிசனம். ஒரு நாவலைப் புகழவோ கிழிக்கவோ நாலு வரி எடுத்துக் காட்டலாம். ஆசிரியரின் அனுமதி வேண்டாம். மோசமான கதையை எழுதியவரிடம் போய், 'திட்டட்டுமா?' என்று கேட்டுவிட்டா திட்ட முடியும்?

மூன்றாவது, பாடம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் காரியத்துக்காகப் பிரதி எடுக்கலாம். டில்லி சர்வகலாசாலை வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பாடப் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பெரிய பிரசுராலயங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. 2016-ல் டில்லி ஹைகோர்ட்டு, பாடத்துக்குத் தேவையான அளவு எடுப்பது சட்டப்படி சரியே என்றது. பள்ளிக்கூட விழாவில் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடகம் போட்டு, பெற்றோர்களும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பார்ப்பதற்கும் அனுமதி உண்டு.

நாலாவது, கலியாணம்! மத சம்பந்தமான சடங்குகளில் பாட்டு வாசிக்கலாம். கலியாண ஊர்வலமும் கலியாணத்தைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று சட்டமே விளக்கம் எழுதியிருக்கிறது. மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் போட்டதற்கு யாராவது கட்டணம் கேட்டு வந்தால் இதைச் சொல்லுங்கள். 2023 ஜூலையில் மத்திய சர்க்காரும் இதை எடுத்துச் சொல்லி அறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் இந்தச் சலுகை சடங்கோடு சரி. அந்தப் பாட்டையே பின்னணியாக ஒட்டி, கலியாண வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அது வேறு காரியம்.

சமையலறையிலிருந்து ஒரு வழக்கு

பேத்தியின் நடனத்துக்கு இப்போது வருவோம். இதே மாதிரி விஷயம் ஒன்று அமெரிக்காவில் பதினொரு வருஷம் இழுத்தடித்தது.

2007-ல் பென்ஸில்வேனியாவில் ஸ்டெபனி லென்ஸ் என்ற தாய், தம் கைக்குழந்தை சமையலறையில் தள்ளாடித் தள்ளாடி ஆடுவதைப் படம் பிடித்தார். பின்னால் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டு மங்கலாய்க் கேட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் 29 விநாடிதான். உறவினர் பார்க்கட்டும் என்று யூடியூபில் போட்டார். பாட்டுக் கம்பெனி அதை நீக்கச் சொல்லிற்று, யூடியூபும் நீக்கிவிட்டது. அந்த அம்மாள் ஆட்சேபித்தார். சில வாரத்தில் படம் திரும்பி வந்தது. அதோடு விடாமல் கோர்ட்டுக்கும் போனார். நீக்கச் சொல்லுமுன், இது நியாயமான உபயோகமா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்று 2015-ல் மேல் கோர்ட்டு சொன்னது. 2018-ல் இரு தரப்பும் சமாதானமாயின.

அமெரிக்கச் சட்டத்தில் நம்மைப் போல வாசல்களின் பட்டியல் இல்லை. நாலு கேள்விகள் இருக்கின்றன. எதற்காக எடுத்தீர்கள்? எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு? எவ்வளவு எடுத்தீர்கள்? அதனால் அசல் பொருளின் விற்பனை கெடுமா? குழந்தை நடனத்துக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். மங்கலாய்க் கேட்கும் அரை நிமிஷப் பாட்டுக்காக யாரும் அசல் தட்டை வாங்காமல் இருக்கப் போவதில்லை!

நம் நாட்டு நீதிபதிகளும் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். கேரளத்தில் தோப்பில் பாசி எழுதிய புகழ்பெற்ற 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்துக்கு எதிர்நாடகம் ஒன்று 1990-களில் வந்தது. அசலின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்து, அதையே கேள்வி கேட்டது. பாசியின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். கேரள ஹைகோர்ட்டு 1996-ல் மூன்று விஷயங்களைப் பார்த்தது: எடுத்த அளவு என்ன, நோக்கம் என்ன, அசலுக்குப் போட்டியாகுமா? விமரிசனமே நோக்கம் என்று கண்டு எதிர்நாடகத்தை அனுமதித்தது.

ஆனால் பேத்தியின் நடனத்தில் முழுப் பாட்டையும் தெளிவாய்ச் சேர்த்திருந்தால், யூடியூபின் இயந்திரமே மோப்பம் பிடித்துவிடும். ஒலியை அடைக்கலாம், விளம்பர வருமானத்தைப் பாட்டுக் கம்பெனிக்கே கொடுக்கலாம். சில செயலிகள் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தாங்களே பாட்டுப் பட்டியல் தருகின்றன. வீட்டு வேடிக்கைக்கு அதிலிருந்து எடுப்பதே நல்லது. புடவை வியாபாரம், மசாலாப் பொடி வியாபாரம் செய்கிறவர்களுக்கு மட்டும் விதி வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு தப்பெண்ணங்கள்

"பெயரைப் போட்டுவிட்டேனே!" பெயர் போடுவது மரியாதை. அனுமதி வேறு. அடுத்த வீட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய், 'இது அலமேலு மாமியின் குடை' என்று எழுதி ஒட்டினால் சரியாகிவிடுமா?

"நான் காசு சம்பாதிக்கவில்லையே!" உங்களுக்கு லாபம் இல்லாவிட்டாலும் அவருக்கு நஷ்டம் உண்டு. தண்டனையைக் குறைக்க அது உதவலாம். குற்றமே இல்லை என்று ஆக்காது.

"முப்பது விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை." இப்படி ஒரு விதி நம் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. யாரோ கட்டிவிட்ட கதை.

"எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்." தெரிந்து செய்யும் மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்குக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வாட்ஸ்அப் மாமியைப் பிடிக்கப் போலீஸ் வரப் போவதில்லைதான். ஆனால் பயத்தால் அல்ல, இன்னொரு காரணத்தால் இதை யோசிக்கச் சொல்கிறேன்.

இரவில் படித்த நாவல்

நாலு காரியங்களில் உண்மையிலேயே தப்பானது அந்தக் கடைசிக் காரியம்தான். ஒரு பெண்மணி வீட்டு வேலைகளையெல்லாம் முடித்து, எல்லாரும் தூங்கிய பிறகு, ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதுகிறார். 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று விற்றால், பத்துச் சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அவருக்குக் கிடைப்பது 20 ரூபாய். அந்தப் புத்தகம் ஸ்கேன் ஆகி பி.டி.எஃப். உருவில் குழுவுக்குக் குழு பறக்கிறது. 'அருமையான கதை! கண்ணீர் வந்துவிட்டது!' என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அந்த ஆயிரம் பேருக்காகவும் அவர் கைக்கு ஒரு பைசா வரவில்லை. அடுத்த நாவலை எழுதாமல் அவர் நிறுத்திவிட்டால் நஷ்டம் யாருக்கு?

இதற்கு மாற்று கஷ்டமானது அல்ல. நூல் நிலையத்தில் வாங்கிப் படியுங்கள். வாங்கிய புத்தகத்தைச் சிநேகிதிக்கு இரவல் கொடுங்கள். அது ஒரே பிரதி, சட்டமும் தடுக்காது. கட்டுரையையோ படத்தையோ பிறர் பார்க்க வேண்டுமானால் பிரதி எடுக்காமல் அது இருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். இலவசமாகவே வேண்டுமானால் அதற்கும் களஞ்சியம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் நாட்டுடைமை நூல்களையும் இண்டர்நெட்டில் இலவசமாய்த் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற பொது அனுமதி முத்திரை 2002 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த முத்திரை உள்ள படங்களை, அதில் சொன்ன நிபந்தனைப்படி, தாராளமாய் எடுக்கலாம்.

உங்கள் பொருளை ஒருவர் எடுத்தால்?

இதுவரை நீங்கள் எடுப்பதைப் பற்றியே பேசினோம். உங்களுடையதை ஒருவர் எடுத்துவிட்டால்? நீங்கள் வரைந்த கோலம், தைத்த ரவிக்கையின் சித்திரம், எழுதிய குறிப்பு, எல்லாம் இன்னொருவர் பெயரில் உலவுவதைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். 'வீட்டில் செய்கிற வேலைதானே, இதற்கெல்லாம் உரிமை ஏது?' என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். உரிமை உண்டு, அம்மணி! பெரிய எழுத்தாளருக்கு உள்ள அதே உரிமை.

அசல் படத்தையும் தேதியையும் பத்திரமாய் வைத்திருங்கள். எடுத்தவரின் பக்கத்தைத் திரையோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் மரியாதையாய் எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால், அந்தத் தளத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 21 நாளுக்குள் கோர்ட்டு உத்தரவு பெற்றுக் கொடுக்காவிட்டால் மறுபடி வெளியிட்டுவிடலாம் என்பதும் அதே விதி.

உரிமையை விற்ற பிறகும் படைத்தவரிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. இது தம் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஹிந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் 'ஆப்கா பண்ட்டி' நாவலைச் சினிமாவுக்குக் கொடுத்தார். படத்தில் கதையை உருத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். திரைக்காகச் சில மாறுதல்கள் தவிர்க்க முடியாதவை, ஆனால் விற்றுவிட்ட காரணத்தால் ஆசிரியரின் இந்த விசேஷ உரிமை போய்விடாது என்று 1986-ல் டில்லி ஹைகோர்ட்டு உறுதி சொன்னது. தம் கதைக்காகப் பணத்தையும் மீறிப் போராடிய ஒரு பெண்மணியால் எழுத்தாளர் அனைவருக்கும் கிடைத்த லாபம் அது.

முடிவாக ஒரு யோசனை. எதையாவது எடுக்குமுன் கேட்பதற்கு வக்கீல் வேண்டாம். மூன்று வரி போதும். "வணக்கம். தாங்கள் வரைந்த மயில் கோலத்தை எங்கள் குடியிருப்பின் பொங்கல் மலரில் தங்கள் பெயருடன் வெளியிட விரும்புகிறோம். அனுமதி தருவீர்களா?" இதை எழுத ஒரு நிமிஷம் ஆகும். யாரோ முகம் தெரியாத ஒருவர் தம் கோலத்தைப் பார்த்து ரஸித்து, அநுமதியும் கேட்கிறார் என்றால், எந்தச் சகோதரிதான் மறுப்பார்? பல சமயம், அதைவிட அழகான இன்னொரு கோலத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார்.